குழந்தை என்றொரு சொல்!

அமெரிக்க நாட்டின் நடுப்பகுதியிலே நெப்ராஸ்கா என்றொரு மாநிலம். சோளக் கொல்லைகளும் மாட்டுப் பண்ணைகளும் மலிந்த சீமை. 2008ஆம் ஆண்டு சூலைத் திங்களிலே அங்கு ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. குழந்தையைக் கொண்டுவந்து மருத்துவமனையில் ஒப்படைத்துவிட்டுச் செல்வோர்மீது, அந்தச் செயலுக்காக வழக்குத் தொடரப்படமாட்டாது என்பது அச்சட்டத்தின் சாரம்.

குப்பைத் தொட்டியிலே, கழிவறையிலே, புதர் மறைவிலே பச்சிளங்குழந்தை வீசப்படும் கொடுமையைத் தடுத்திட வேண்டும் என்ற நல்லெண்ணத்திலே பிறந்த சட்டந்தான் அது. ஆனால் எத்தனை நாள் வயதுவரை குழந்தையை ஏற்பது என்பதிலே சட்டமன்றத்தாருக்குள் ஒருமித்த கருத்து ஏற்படவில்லை. மூன்று நாள் என்றார் ஒருவர், அது போதாது என்றார் இன்னொருவர். வாதம் வளர்ந்தது, முடிவு வரவில்லை. இறுதியிலே, வயதுக் கணக்கே வேண்டாம், ‘குழந்தை’ என்று மட்டும் எழுதிவிடுவோம் என்று ஒத்துக்கொண்டனர். வீட்டுக்குப் போக நேரமாகிவிட்டால் மன்றங்களிலே இப்படிப்பட்ட உடன்பாடுகள் ஏற்படுவது உலக வழக்கம்!

சட்டம் வந்தது. கதவு திறந்தது. உள்ளே வந்தது யார்?

தொப்புள்கொடி உலராத சிசுவையல்லவா எதிர்பார்த்தனர்! வந்து நின்றதோ பதின்மூன்று வயதுப் பையன். அவனுக்குப் பின்னே பதினைந்து வயதுப் பெண். செப்டம்பர்த் திங்களில் ஓமாகா நகர மருத்துவமனைக்கு ஒரு தந்தை வந்தான். கையிலே ஒன்று, இடுப்பிலே ஒன்று, பின்னாலே வரிசையாக மற்றவை. ஒரு வயது முதல் பதினேழு வயதுவரை ஒன்பது பிள்ளைகள்! மனைவியைச் சாவு கொண்டுபோய்விட்டது. தனியொருவனாக அத்தனை பேரையும் காத்திட முடியாது என்று ஒன்பது பேரையும் ஒப்படைத்துவிட்டுத் திரும்பினான். மிச்சிகனிலிருந்து ஒரு தாய், ஜார்ஜியாவிலிருந்து ஒரு தாய், பல நூறு கல் தொலைவு வண்டி ஓட்டி, மாநில எல்லைகளைத் தாண்டி, வளர்ந்த பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டனர். நான்கே திங்களில் 36 பேர். அந்த 36 பேரில், அன்று பிறந்த குழந்தை ஒன்றுகூட இல்லை!

ஏடுகள் எள்ளி நகையாடின. ‘சட்டத்திலே ஓட்டை, அதை அடையுங்கள்’ என்றனர். ஆளுநர் டேவ் ஹெய்ன்மன் சட்டமன்றத்தின் சிறப்புக் கூட்டத்தைக் கூட்டினார். நவம்பர்த் திங்களில், பிறந்து 30 நாள்களுக்கு உட்பட்ட குழந்தை மட்டுமே என்று திருத்தம் நிறைவேறிற்று. கதவு சாத்தப்பட்டது.

ஓட்டை, ஓட்டை என்றார்களே, அந்த ஓட்டை வழியே தெரிந்தது என்ன? அதைப் பற்றித்தான் தோழர்களே, இந்த ஞாயிற்றுக்கிழமை உங்களுடன் பேச எண்ணுகிறேன். அவர்களெல்லாம் ஈரமற்ற பெற்றோரா? அந்தப் பிள்ளைகளிலே பெரும்பாலோர் மனநோயால் அவதியுற்று, முன்னரே மருத்துவம் பெற்றவர்கள். மருத்துவத்தைத் தொடரப் பணமில்லை. காப்புறுதி நிறுவனம் கைவிரித்தது. பிள்ளை தன்னைத் தானே குத்திக்கொள்கிறான், தங்கையை அடிக்கிறான், தாய் இரவெல்லாம் விழித்திருக்கிறாள். யாரிடம் போவாள்? எந்தக் கதவைத் தட்டினாலும் திறக்கவில்லை, இந்த ஒரு கதவு மட்டும் திறந்தது. ஆனால் அதற்குள்ளே நுழைந்திட அவள் தர வேண்டிய கட்டணம் எது? பிள்ளையையே! ‘உதவி செய்யுங்கள்’ என்றால் கேளாத அரசு, ‘எடுத்துக்கொள்ளுங்கள்’ என்றபோதுதான் செவி சாய்த்தது.

நெப்ராஸ்கா அதோடு நின்றுவிடவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். மறு ஆண்டே, 2009இல், பிள்ளைகளின் மனநலத்துக்காகப் புதிய சட்டம் இயற்றினார்கள். இரவும் பகலும் பெற்றோர் அழைத்துப் பேசக்கூடிய உதவித் தொலைபேசி அதன் வழியே வந்தது. 36 பிள்ளைகள் மருத்துவமனை வாசலிலே நின்ற பிறகு!

இந்த வகைச் சட்டங்களின் பிறப்பிடம் டெக்சாஸ் மாநிலம். ஹூஸ்டன் நகரிலே பத்துத் திங்களில் 13 குழந்தைகள் கைவிடப்பட்ட செய்தி அந்த மாநிலத்தையே உலுக்கிற்று. 1999இல் சட்டம் வந்தது. ஜார்ஜ் புஷ் அப்போது அங்கே ஆளுநர். தொடர்ந்து மாநிலத்துக்கு மாநிலம் பரவி, 2008க்குள் ஐம்பது மாநிலங்களிலும் வந்துவிட்டது. கலிபோர்னியாவிலே 72 மணி நேரம்; டெக்சாசிலே 60 நாள்; வடக்கு டகோட்டாவிலே ஓராண்டு — கெடு மட்டும் வேறு வேறு. 2016இல் இண்டியானா மாநிலத்தின் உட்பர்ன் ஊரிலே, தீயணைப்பு நிலையத்தின் சுவரிலேயே ஒரு பெட்டியைப் பதித்தனர். குழந்தையை வைத்துக் கதவை மூடினால் வெளிப்புறம் பூட்டிக்கொள்ளும், உள்ளே மணி ஒலிக்கும். வைத்தவள் முகத்தை எவரும் பாரார். அதை முன்னின்று செய்த மோனிகா கெல்சி என்ற அம்மையார், தாமே குழந்தைப் பருவத்திலே கைவிடப்பட்டவர். அவருடைய நெஞ்சத்து நோவை நான் மதிக்கிறேன்.

டெக்சாஸ்காரர் தம் சட்டத்துக்கு இட்ட பெயர்தான் என் சிந்தனையைக் கிளறுகிறது. ‘குழந்தை மோசே சட்டம்’! நாணற்கூடையிலே வைத்து நைல் ஆற்றிலே விடப்பட்ட மோசேயின் கதையை வேத ஆகமத்திலே படித்தவர்கள் அவர்கள். படித்தார்கள், ஆனால் பாதியோடு நிறுத்திக்கொண்டார்கள் போலும்! கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டவன் நான். எனினும் கதையைப் பாதியிலே விடும் பழக்கம் எனக்கில்லை.

மோசேயின் தாய் ஏன் அவனைக் கூடையிலே வைத்தாள்? வெட்கத்தாலா? வெறுப்பாலா? இல்லை. எபிரேயருக்கு ஆண் குழந்தை பிறந்தால் ஆற்றிலே எறிந்து கொல்க என்று மன்னன் ஆணையிட்டிருந்தான். குழந்தையின் எதிரி அரசு! தாயல்ல, தந்தையல்ல — அரசு! கூடை மிதந்தது. மன்னன் மகள் எடுத்தாள். தொலைவிலே நின்று பார்த்திருந்த அக்காள் ஓடிவந்து, ‘பாலூட்ட ஒரு தாயை அழைத்து வரட்டுமா?’ என்றாள். அழைத்து வந்தது யாரை? பெற்றவளையே! மன்னன் மகள் அவளிடம் குழந்தையைக் கொடுத்தாள், வளர்ப்பதற்குக் கூலியும் கொடுத்தாள்.

கவனித்தீர்களா? கூடையிலே விட்ட தாய்க்குக் குழந்தையும் திரும்பக் கிடைத்தது, அதைக் காப்பாற்றப் பொருளும் கிடைத்தது. சட்டமியற்றியோர் கூடையை எடுத்துக்கொண்டார்கள், கூலியை விட்டுவிட்டார்கள்!

நம் நாட்டுப் புராணத்திலும் ஒரு பேழை மிதக்கிறது. குந்தியின் பேழை. அவளை எந்த மன்னனும் அச்சுறுத்தவில்லை. ‘மணமாகாதவள் தாயானாளாமே!’ என்று நாக்கைச் சுழற்றக் காத்திருந்த ஊரார் அச்சுறுத்தினர். அரண்மனைப் பெண்ணுக்கே அந்தக் கதியென்றால், கூலிக்காரன் மகளுக்கு? ஆற்றிலே விடுவதற்குக் கவசமும் குண்டலமுமா இருக்கும் அவள் பிள்ளைக்கு? கதிரவன் வந்தான், வரந்தந்தான், போனான். பேழையைச் சுமந்து ஆற்றங்கரைக்குப் போனவள் அவள் மட்டுமே. நாடகம் எழுதுபவன் என்ற முறையிலே சொல்கிறேன்: அமெரிக்க நாட்டுச் சட்டமாயினும், நம் நாட்டுக் கதையாயினும், இந்தக் காட்சியிலே தந்தைக்கு வசனமே எழுதப்படுவதில்லை. அவன் முதல் அங்கத்தோடு மறைந்துவிடுகிறான்!

அந்தக் கர்ணனை நினைத்துப் பாருங்கள். அரங்கிலே வில்லேந்தி நின்றான். ‘உன் குலம் யாது? தாய் யார்?’ என்ற கேள்வி வந்தது. தலை கவிழ்ந்தான். உயிரோடு இருந்தான், நாடும் பெற்றான்; ஆனால் ‘நான் யார்?’ என்ற கேள்விக்கு விடையின்றிப் போர்க்களம்வரை நடந்தான். பெட்டியிலே வைத்துப் பூட்டிவிடும் ஏற்பாட்டிலே இந்தக் குறை இருக்கத்தான் செய்கிறது. தாயின் பெயர் எங்கும் பதிவாவதில்லை. தாய்க்கு அது கேடயம். வளர்ந்த பிள்ளைக்கு அது மூடிய சுவர். குழந்தைகள் உரிமை குறித்த ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கை, இயன்றவரை தன் பெற்றோரை அறியும் உரிமை குழந்தைக்கு உண்டு என்கிறது.

ஜெர்மானியர் இதைச் சற்று ஆழ்ந்து எண்ணிப் பார்த்திருக்கின்றனர். 2000இல் ஹாம்பர்க் நகரிலே அத்தகைய பெட்டி வைத்தார்கள். பல நகரங்களிலும் பரவிற்று. ஒன்பது ஆண்டு கழித்து, அந்நாட்டு அறநெறி மன்றம் பெட்டிகளைக் கைவிடுக என்றே பரிந்துரை செய்தது. 2014 மே திங்களில் புதிய சட்டம் வந்தது. பேறுகாலத்துக்கு வரும் பெண் மாற்றுப் பெயரிலே மருத்துவமனையிலே சேரலாம். மருத்துவரும் செவிலியும் உடனிருக்கப் பிள்ளை பெறலாம். செலவை அரசு ஏற்கும். அவளுடைய உண்மைப் பெயர் ஓர் உறையிலே இட்டு முத்திரையிடப்படும். பிள்ளைக்குப் பதினாறு வயதானதும் அந்த உறையைத் திறக்கக் கேட்கலாம். தாய்க்கு அதனால் தீங்கு நேருமெனில், அவள் மறுப்பை நீதிமன்றம் கேட்கும்.

இதிலே பெரிய செய்தி உறையன்று, படுக்கை! பெட்டி, பிறந்த குழந்தையைத்தான் காக்கும். யாருமறியாமல் குளியலறைத் தரையிலே, பல்லைக் கடித்துக்கொண்டு, குருதி வழியத் தனியே பெற்றெடுக்கும் அந்தப் பெண்ணை எந்தப் பெட்டி காக்கும்? அவளுக்குத் தேவை சுவரிலே ஒரு துளையல்ல — கட்டில், வெந்நீர், கையைப் பிடித்துக்கொள்ள ஒரு செவிலி.

பழைய காலத்தையும் சற்றுப் புரட்டுவோம். இலண்டன் மாநகரிலே தாமஸ் கோரம் என்ற கப்பல் தலைவர், தெருவோரத்திலே கிடந்த சிசுக்களைக் கண்டு மனம் பதைத்து, பல்லாண்டு பாடுபட்டு 1739இல் அரச பட்டயம் பெற்றுக் குழந்தைகள் இல்லம் அமைத்தார். 1756இல் பாராளுமன்றம் பொருளுதவி தந்தது; வருகின்ற குழந்தை அத்தனையையும் ஏற்க வேண்டும் என்ற கட்டளையோடு. வாயிலிலே கூடை தொங்கவிட்டனர். முதல் நாளிலேயே 117 குழந்தைகள்! நாட்டின் நாலா பக்கத்திலிருந்தும் மூட்டைபோல் சுமந்து வந்தனர். வழியிலேயே மாண்டவை பல. நான்கு ஆண்டிலே ஏறத்தாழ 15,000 குழந்தைகள் வந்தன. மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வளராமலே மடிந்தன. 1760இல் பணத்தை நிறுத்தினார்கள், கதவு மூடிற்று. நெப்ராஸ்காவுக்கு இரண்டரை நூற்றாண்டுக்கு முன்னே அதே நாடகம்! திறந்தால் வருகிறார்கள், வந்தவர் தொகை கண்டு மூடுகிறார்கள், ஏன் வந்தார்கள் என்று மட்டும் கேட்பதில்லை.

அந்த இல்லத்திலே, பிள்ளையை விட்ட தாய்மார் கூடவே ஏதேனும் ஓர் அடையாளத்தை வைத்துச் சென்றார்கள். துணித்துண்டு, தேய்ந்த நாணயம், ஒரு பொத்தான். என்றேனும் திரும்ப வந்து, ‘இதுதான் அடையாளம், என் பிள்ளையைக் கொடுங்கள்’ என்று கேட்கலாம் என்ற நப்பாசை! ஈரமற்றவளா அவள்? இன்றும் அந்தத் துணித்துண்டுகள் இலண்டனிலே காக்கப்பட்டிருக்கின்றன. பெரும்பாலானவற்றைத் தேடி எவரும் வரவில்லை. வரும் நிலையிலே அவர்களை வாழ்க்கை வைத்திருக்கவில்லை.

இந்த இரக்கத்தின் கருவியை இன்று வேறொரு காரியத்துக்குப் பயன்படுத்துகின்றனர். அதைச் சொல்லாமல் இக்கட்டுரையை நான் முடித்திட இயலாது. 2021 டிசம்பர் முதல் நாள், அமெரிக்க உச்ச நீதிமன்றத்திலே கருக்கலைப்பு உரிமை பற்றிய வழக்கு. நீதிபதி ஏமி கோனி பேரட் அம்மையார் கேட்டார்: குழந்தையை ஒப்படைத்துவிடும் சட்டந்தான் எல்லா மாநிலங்களிலும் இருக்கிறதே, பெற்றுக் கொடுத்துவிட்டால் தாய்மைச் சுமை தீர்ந்ததல்லவா என்ற பொருள்படக் கேட்டார். 2022 சூன் 24ஆம் நாள் தீர்ப்பு வந்தது. அரை நூற்றாண்டாக இருந்த உரிமை வீழ்ந்தது. கருக்கலைப்பை எதிர்ப்போர் எடுத்துவைக்கும் வாதங்களைத் தீர்ப்புரை அடுக்கியபோது, அந்த அடுக்கிலே இந்தச் சட்டங்களும் இடம் பெற்றன.

பெட்டி இருக்கிறது, ஆகவே பெறு! இதுவா நீதி? பத்துத் திங்கள் சுமப்பவள் யார்? குமட்டலும் மயக்கமும் யாருக்கு? வேலைபோவது யாருக்கு? உயிருக்கே ஊறு நேர்ந்தால் நேர்வது யாருக்கு? பெற்றபின் மார்பு கட்டிப் பால் வழிய, தொட்டில் வெறுமையாக இருக்க, இரவிலே எழுந்து உட்காருபவள் யார்? பெண்ணின் முன்னே இருந்த வழிகளிலே ஒன்றாகத் திறந்துவைத்த கதவு அது. மற்ற வழிகளை எல்லாம் அடைத்துவிட்டு, ‘இதோ கதவு இருக்கிறதே!’ என்று காட்டினால், அந்தக் கதவின் பெயரே மாறிவிடுகிறது. விருப்பத்தோடு தருவது ஒப்படைப்பு. வேறு வழியின்றித் தருவது பறிமுதல்.

நமது நாட்டிலே? தொட்டில் நமக்குப் புதிதன்று. உசிலம்பட்டியின் பெயர் 1986இல் நாடெங்கும் அடிபட்டதே, நினைவிருக்கிறதா? கள்ளிப்பாலும் நெல்மணியும் பெண் சிசுவின் தொண்டையிலே போன கொடுமை. சேலத்திலும் தருமபுரியிலும் அதே கதை. 1992இல், ஜெயலலிதா அம்மையார் முதலமைச்சராக இருந்தபோது, சேலத்திலே தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பட்டது. 2001இல் மதுரை, தேனி, திண்டுக்கல், தருமபுரி மாவட்டங்களுக்கும் விரிந்தது. டெக்சாஸ் சட்டத்துக்கு ஏழாண்டு முந்தியது நம் தொட்டில்! எந்தக் கட்சியின் ஆட்சியிலே வந்தது என்று பார்த்துத் தொட்டிலை ஆட்டுபவரல்லர் நாம். உயிர் பிழைத்த ஒவ்வொரு பெண் குழந்தையும் அந்தத் திட்டத்துக்குச் சான்று.

எனினும் வேறுபாட்டையும் காண வேண்டும். அமெரிக்காவிலே பெட்டியை நாடுபவள் பெரும்பாலும் பிறரறியாமல் வருபவள். இங்கே தொட்டிலிலே இடப்பட்டவற்றிலே மிகப் பல, மணமான தாய்க்கு முறைப்படி பிறந்த இரண்டாம் பெண், மூன்றாம் பெண். மறைக்க வேண்டியது ஏதுமில்லை. கொடுக்க வேண்டிய வரதட்சணைதான் இருந்தது! தாயின் கையிலிருந்து குழந்தையை வாங்கித் தொட்டிலிலே இட்டது மாமியாராக இருக்கலாம், கணவனாக இருக்கலாம். பெற்றவளின் கண்ணீரைக் கேட்டுப் பதிவு செய்ய அந்தத் தொட்டிலுக்கு வாயில்லை. பெண் பிறந்தால் அரசாங்கத்திடம் விட்டுவிடலாம் என்ற எண்ணத்தை இது வளர்த்துவிடாதா என்று பெண்கள் அமைப்பினர் அன்றே கேட்டனர். நியாயமான கேள்வி. கொலையைத் தடுத்தது தொட்டில். பெண்ணைச் சுமையென்று எண்ணும் நெஞ்சை அது தொடவில்லை.

இன்றைய சட்டம் என்ன சொல்கிறது என்பதை நம் தோழர்களிலே எத்தனை பேர் அறிவோம்? 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, தம் கட்டுப்பாட்டுக்கு மீறிய உடல், மன, சமூகக் காரணங்களால் பிள்ளையை வளர்க்க இயலாத பெற்றோர், மாவட்டக் குழந்தைகள் நலக்குழு முன்பு வந்து ஒப்படைக்கலாம். குழு விசாரிக்க வேண்டும், அறிவுரையும் ஆறுதலும் கூற வேண்டும், பிறகே ஒப்படைப்புப் பத்திரம். அதற்குப் பிறகும் மனம் மாறிட இரண்டு மாத அவகாசம் உண்டு. அப்படி நேர்ந்த பெற்றோர்மீது, கைவிட்ட குற்றத்துக்காக அந்தச் சட்டத்தின்கீழ் தண்டனை இல்லை. நல்ல சட்டம்! இலண்டன் தாயின் துணித்துண்டுக்கு நமது சட்டம் தந்திருக்கும் மறுமொழி அந்த இரண்டு மாதம்.

ஆனால் பக்கத்திலேயே இன்னொரு சட்டம் படுத்திருக்கிறது. பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளையை முற்றிலும் கைவிடும் நோக்கோடு விட்டுச்சென்ற தாய்க்கோ தந்தைக்கோ ஏழாண்டுவரை சிறை. வெள்ளையன் வகுத்த தண்டனைச் சட்டத்திலே 317ஆம் பிரிவாக இருந்தது, 2024 சூலை முதல் புதிய சட்டத்திலே 93ஆம் பிரிவாகப் பெயர் மாறியிருக்கிறது. ஏட்டிலே வரும் செய்தி எப்படி? ‘பச்சிளங்குழந்தையை வீசிய தாய்க்கு வலை!’ தாய்க்குத்தான் வலை. நலக்குழு என்று ஒன்று இருப்பதை அறியாமல், காவலருக்கு அஞ்சிக் கோயில் படியிலும் பேருந்து நிலையத்திலும் வைத்துவிட்டு ஓடியவள் அவள். அறிந்திருந்தால் ஓடியிருக்கமாட்டாள். அறிவிக்கக் கடமைப்பட்டவர் யார்?

ஆகவே ஒரு வேலை. பெரிய மாநாடு வேண்டாம், ஊர்வலம் வேண்டாம். உங்கள் ஊர் அரசு மருத்துவமனையின் மகப்பேற்றுப் பகுதிக்குச் செல்லுங்கள். மகளிர் தோழர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். பிள்ளையை வளர்க்க வழியில்லாதவர் எங்கே போகலாம், அப்படிப் போவது குற்றமன்று, இரண்டு மாதத்துக்குள் பிள்ளையைத் திரும்பக் கேட்கலாம், குழந்தைகள் உதவித் தொலைபேசி எண் 1098 — இந்த நான்கு செய்தியும் எளிய தமிழிலே, எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கும் விளங்கும்படி சுவரிலே எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். எழுத்தறியாத தாய்க்கு அதை வாய்மொழியாகச் சொல்லும் செவிலி இருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லையெனில் மருத்துவமனைத் தலைமை மருத்துவருக்கும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலருக்கும் மனு எழுதுங்கள். மனுவின் படியையும், கிடைத்த பதிலையும், பதில் வராவிட்டால் வராத செய்தியையும் நமது அலுவலகத்துக்கு அனுப்பிவையுங்கள். ஊர்ப் பெயரோடு இதே இடத்திலே வெளியிடுவோம்.